தம்பிக்கு முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிட்-ஸ்கீ பந்தயத்துக்குப் போக முடியுமா?

துவாரகாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தம்பிக்கு 24 வயது. ஒன்பது மாதத்துக்கு முன் குருகிராம் போகும் வழியில் பைக் விபத்து. டி12 எலும்பு (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து எண்ணினால் கடைசியான பன்னிரண்டாவது) நொறுங்கி, ராடும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொடு உணர்வும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பீஜிங் 2022 குளிர்கால பாராலிம்பிக்கின் பனிச்சறுக்கு வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். ஒற்றைப் பலகையின் மேல் உட்கார்ந்தபடியே மலையிலிருந்து பாய்ந்து வருவார்களே, அந்த சிட்-ஸ்கீ பந்தயம். அன்றிலிருந்து "2030-ல் நானும் போவேன்" என்று ஒரே பேச்சாம். அப்பாவோ, "எழுந்து நிற்கவே வழியில்லை, இதில் பனிமலை ஒரு கேடா? பிள்ளைக்கு வீண் ஆசை காட்டாதே" என்று உங்களைத் திட்டுகிறார். டெல்லியில் இருந்துகொண்டு இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது கேள்வி வேறாகத் தெரிந்தது. இந்த ஆசைக்குத் துணை நிற்பதா, இல்லை பக்குவமாகப் பேசி இப்போதே அதை இறக்கிவைப்பதா என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் டெல்லியில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் பிசியோ. பல வருஷமாக இதே வேலைதான். ஸ்கீ கோச் கிடையாது, பந்தயத்தில் இறங்கியதும் இல்லை. பனிச்சறுக்கைப் பற்றி நான் சொல்வதெல்லாம், அதில் இறங்கிய நோயாளிகளைத் தயார்செய்தும், திரும்பி வந்தபோது பரிசோதித்தும் தெரிந்துகொண்டவை. உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரே டி12 என்று எழுதிய இரண்டு பேரின் உடம்பு ஒரே மாதிரி இருக்காது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். டி12 காயத்தோடு ஒருவர் பனியில் சறுக்க முடியும். இதில் சந்தேகமே வேண்டாம். கழுத்தில் அடிபட்டவர்கள்கூட, பயிற்சியாளர் பின்னாலிருந்து வாரைப் பிடித்துக்கொள்ள, இரட்டைப் பலகை வைத்த இருக்கையில் சறுக்குகிறார்கள். தம்பி வீடியோவில் பார்த்தது மோனோ-ஸ்கீ. உடம்பை இறுக்கிப் பிடிக்கும்படி வார்த்த ஒரு தொட்டி இருக்கை, அதற்குக் கீழே ஒரு ஃப்ரேம், அதில் பைக்கில் இருப்பதுபோல் ஒரு ஷாக் அப்சார்பர், அடியில் ஒரே ஒரு பலகை. அந்தப் பலகை, நின்று சறுக்குகிறவர்கள் பூட்ஸுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் அதே பலகைதான். இரண்டு கையிலும் அவுட்ரிகர் என்ற சிறு ஊன்றுகோல் இருக்கும், அதன் நுனியில் குட்டிப் பலகை. கயிற்றை இழுத்தால் குட்டிப் பலகை மேலே மடங்கிக்கொள்ளும், கோலைத் தரையில் குத்தித் தள்ளிக்கொண்டு சமதளத்தில் நகரலாம். இழுவை லிஃப்டில் ஏறுவது, நாற்காலி லிஃப்டில் இருக்கையை உயர்த்தி ஏற்றிக்கொள்வது, விழுந்தால் கையை ஊன்றி எழுவது என்று எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடியவை. காலுக்கு அங்கே வேலை இல்லை. முட்டியை மடக்கி முன்னால் வைத்துக் கட்டிவிடுவார்கள்.

வேலை முழுக்க வயிற்றிலும் முதுகிலும்தான். பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதன் விளிம்பைப் பனியில் பதித்தால்தான் திரும்பும். அப்படிச் சாய்க்கும்போது இருக்கை ஒரு பக்கம் போகும், மார்பும் தலையும் அதன் கூடவே போய்விடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். இங்கேதான் தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. டி12-லோ அதற்குக் கீழேயோ அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுத் தசை முழுதாக வேலை செய்யும். டி4, டி5-ல் அடிபட்டவருக்கு அது கிடையாது, அவர் கையையும் தோளையும் வைத்தே சமாளிக்க வேண்டும். பிசியோ மேடையில், கையை ஊன்றாமல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் வீசும் பந்தைப் பிடித்துத் திருப்பி வீச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் முடிந்தால், மோனோ-ஸ்கீக்கு வேண்டிய உடம்பின் பாதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பந்தயத்தில் இந்த வித்தியாசத்தை அப்படியே விட்டுவிடுவதில்லை. நின்று சறுக்குவோர், உட்கார்ந்து சறுக்குவோர், பார்வைக் குறைபாடு உள்ளோர் என்று மூன்று பிரிவு. உட்கார்ந்து சறுக்குவோருக்குள் எல்டபிள்யூ10, 11, 12 என்று வகுப்புகள் உண்டு. நடுவுடலில் பிடிப்பே இல்லாதவர்கள் 10-ல் வருவார்கள். மேல் நடுவுடல் நன்றாக இருந்து கீழ்ப்பகுதியும் இடுப்பும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் 11. நடுவுடல் கிட்டத்தட்டச் சரியாக இருந்து காலில் மட்டும் குறை உள்ளவர்கள் 12. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு எண் வைத்து, ஓடிய நேரத்தை அதால் பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, எண் 0.8 என்று வைத்துக்கொண்டால் 60 வினாடி எடுத்தவருக்கு 48 வினாடி என்று கணக்கு. அதனால்தான் கீழே முதலில் வந்தவர் பட்டியலில் மூன்றாவதாக இருப்பதைப் பார்த்து வீடியோவில் குழம்பியிருப்பீர்கள். தம்பி 11-லா 12-லா என்பதை எம்ஆர்ஐ பார்த்துச் சொல்ல முடியாது. வகைப்படுத்தும் நிபுணர்கள் உடம்பைச் சோதித்து, சறுக்குவதையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்போது அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் எங்கே சிக்கல் வரும்? முதலாவது தோல். இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் இதைப் பந்தயத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் ஒரு பித்தளைக் குமிழ். ஆக்ராவுக்கு டாக்ஸியில் போய்த் திரும்பியதில் அந்தக் குமிழ் அழுத்திய இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். வலி இல்லை, அதனால் அவனுக்குத் தெரியாது. அம்மா பார்த்தபோது தோல் கருத்திருந்தது. ஆறுவதற்குள் ஒரு முழுக் கோடைகாலம் குப்புறப் படுத்தே கழிந்தது. சாதாரண கார் சீட்டிலேயே இந்தக் கதி. மோனோ-ஸ்கீயின் தொட்டி இருக்கை வீல்சேர் குஷன் மாதிரி மெத்தென்று இருக்காது. உடம்பின் ஒவ்வொரு அசைவும் பலகைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே ஒட்டினாற்போல் கடினமாகச் செய்திருப்பார்கள். அதன் மேல் வார்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குத்து. போதாததற்கு உருகிய பனி உள்ளே கசிந்து தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

என் நோயாளி ஒருவர், டி10 காயம், அமெரிக்காவில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது மோனோ-ஸ்கீ வகுப்பில் சேர்ந்தார். முதல் இரண்டு நாள் விழுவதும் எழுவதும்தான் வேலையாம். மூன்றாம் நாள் சிறு சரிவில் யார் பிடியும் இல்லாமல் நான்கு திருப்பம் திரும்பினார், வீடியோ அனுப்பினார், எங்கள் வார்டு முழுக்க அதைப் பார்த்தது. நான்காம் நாள் காலையில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வால் எலும்புக்கு மேலே சிவப்பு. அழுத்திப் பார்த்தார், நிறம் மாறவில்லை, அழுத்தப் புண்ணின் ஆரம்பம் அது. அன்றைக்கு சறுக்கப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது, அண்ணன் லீவு போட்டிருக்கிறார், இருந்தும் படுத்தே கிடந்தார். அந்த ஒரு முடிவால்தான் அவர் அடுத்த வருஷமும் போக முடிந்தது. அந்த நான்கு திருப்பத்தைவிட இதைத்தான் மற்ற நோயாளிகளுக்கு நான் சொல்வது வழக்கம்.

இரண்டாவது எலும்பு. காலில் பாரம் விழாமல் போனதும், முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே கால் எலும்பின் சத்து வேகமாகக் குறைந்துவிடும். முட்டிக்குச் சற்று மேலே தொடையெலும்பு, சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்பகுதி, இந்த இரண்டு இடமும் முறிவுக்குப் பேர்போனவை. படுக்கையில் புரட்டும்போதே முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி தெரியாது. கால் வீங்கும், சூடாக இருக்கும், வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதுதான் அறிகுறி. சறுக்கப் போகும் முன் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். சாதாரணமாக எடுக்கும் இடுப்பு, முதுகோடு முட்டிப் பகுதியையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதோடு ராட் வைத்த இடத்தில் எலும்பு கூடிவிட்டதா என்று ஆபரேஷன் செய்த டாக்டர் படம் பார்த்துச் சொல்ல வேண்டும். விபத்து நடந்து ஒரு வருஷமாவது ஆகாமல் நான் பனியின் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒன்பதாம் மாதத்தில் "அனுப்பலாமா" என்று கேட்டால் என் பதில், இந்த சீசனில் வேண்டாம்.

தோள் மூன்றாவது. இனி ஆயுசுக்கும் அவருக்குக் காலும் அதுதான், கையும் அதுதான். வீல்சேர் தள்ளி, கட்டிலிலிருந்து இறங்கி ஏறி, அதோடு அவுட்ரிகரையும் ஊன்றினால் தேய்மானம் கூடத்தான் செய்யும். நெஞ்சுத் தசையை மட்டும் ஏற்றிக்கொண்டு ஜிம்மில் போட்டோ எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் தோள் முன்னால் உருண்டு கெட்டுப்போகும். பின்தோள் தசைக்கும் தோள்பட்டைத் தசைக்கும் சமமாக வேலை கொடுக்கச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி டெல்லிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஜனவரியிலும் எங்களிடம் வருகிறவர்களில் காலில் தீக்கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. ரூம் ஹீட்டரைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்பார்கள், அல்லது ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் வெந்நீர்ப் பை. உணர்வில்லாத காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து உடம்பைச் சமப்படுத்தும் ஏற்பாடும் அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பனியில் இதுவே விரல் உறைந்து போவதில் முடியும். அரை மணிக்கு ஒரு தடவை பூட்ஸைக் கழற்றிக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் கூட இருந்தே ஆக வேண்டும். குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் நடக்கும், அப்புறம் கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய்) போடும் நேரம் தள்ளிப்போகும், யூரின் இன்ஃபெக்ஷன் வரும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது டி6-லோ அதற்கு மேலேயோ காயம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: வார் இறுக்கினாலும், யூரின் டியூப் மடங்கினாலும் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறித் தலை பிளக்கும், முகம் சிவந்து வியர்க்கும். அது அவசர நிலை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, காரணத்தைத் தேடி எடுக்க வேண்டும். டி12-ல் இந்த ஆபத்து பொதுவாக வராது.

இதுவரை சொன்னதெல்லாம் நான் தெரிந்து சொல்வது. இனி வருவது என் கணிப்பு. 2030-ல் பிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கவிருக்கும் பாராலிம்பிக்கில் உங்கள் தம்பி இறங்குவாரா? நடக்காது என்றுதான் நினைக்கிறேன். காரணம் அவர் உடம்பு இல்லை. ஜப்பானின் தைகி மோரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் பைக் விபத்தில் அடிபட்டவர்தான், 1997-ல். ஆஸ்பத்திரியில் இருந்தபடி 1998 நகானோ பாராலிம்பிக்கை டிவியில் பார்த்துத்தான் இந்த ஆசை பிடித்தது. முதல் பாராலிம்பிக் 2002 சால்ட் லேக் சிட்டி, முதல் பதக்கம் 2006 தூரின். அடிபட்டதிலிருந்து பதக்கம் வரை ஒன்பது வருஷம். அதுவும் பனியும், கருவியும், பயிற்சியாளரும் பக்கத்திலேயே இருக்கும் நாட்டில். கனடாவின் ஜோஷ் டூயெக் 2004-ல் அடிபட்டு 2010-லேயே வெள்ளி வாங்கிவிட்டார், 2014-ல் தங்கமும் வாங்கினார். ஆனால் அவர் அடிபடும் முன்பே பனிச்சறுக்குப் பயிற்சியாளர். சரிவை எப்படிப் பார்ப்பது, பனி எங்கே இறுகியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். உட்கார்ந்து சறுக்கும் பெரிய பெயர்களில் இப்படிப்பட்டவர்கள் பலர். உங்கள் தம்பி பனியை நேரில் பார்த்திருக்கிறாரா என்றே கேள்வியில் இல்லை.

அப்புறம் நம் நாட்டின் நிலைமை. கால் நன்றாக இருப்பவர்களுக்கே இங்கே வழி குறுகல்தான். பீஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், குல்மர்க்கின் ஆரிஃப் கான். சரிவின் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பாராலிம்பிக்குக்கு அந்த வருஷம் ஒருவரும் போகவில்லை. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-ல் தொடங்கின, நல்ல விஷயம். ஆனால் 2025-ல் குல்மர்க்கில் போதிய பனி இல்லாமல் பிப்ரவரியில் நடக்க வேண்டியதை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். வருஷத்தில் சில வாரங்கள் கிடைக்கும் பனியை நம்பிப் பந்தயக்காரர் உருவாவது கஷ்டம். பன்னாட்டுப் பாரா ஸ்கீ பந்தயங்களை 2022 முதல் ஃபிஸ் என்ற பனிச்சறுக்குக் கூட்டமைப்பு நடத்துகிறது. அதில் இறங்க தேசிய அமைப்பு வழியாக உரிமம் வேண்டும், பன்னாட்டு வகைப்பாடு ஆக வேண்டும், பந்தயத்துக்குப் பந்தயம் புள்ளி சேர்க்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடக்கும். கருவி மட்டுமே பல லட்சம் ஆகும். உடம்பு வாகுக்கு வார்க்க வேண்டிய இருக்கை என்பதால் இரண்டாம் கையாக வாங்கினாலும் திருத்தச் செலவு உண்டு. இந்தக் கணக்கை தம்பியிடம் மறைக்காதீர்கள். 24 வயதுக்காரர், புரிந்துகொள்வார்.

ஆக, அப்பா சொல்வதுதான் சரியா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஒன்பதாம் மாதத்தில் என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் "எப்போது நடப்பேன்" என்ற ஒரே கேள்வியோடு இருப்பார்கள். நடந்த பிறகு வாழ்க்கையைத் தொடங்கலாம் என்று மற்ற எல்லாவற்றையும் ஒத்திப்போடுவார்கள். வீல்சேரைச் சரியாக அளவெடுத்து வாங்க மாட்டார்கள், "கொஞ்ச நாளுக்குத்தானே". குடும்பம் நிலத்தை விற்று, நிரூபணமாகாத ஸ்டெம் செல் ஊசிக்குப் பணத்தைக் கொட்டும். உங்கள் தம்பி ஆசைப்படுவது உட்கார்ந்து செய்யும் ஒரு காரியத்துக்கு. அந்த வீடியோவில் தன்னை வைத்துப் பார்க்கும்போது அவர் தன்னை உட்கார்ந்த நிலையில்தான் பார்க்கிறார். வீண் ஆசை என்று அப்பா நினைப்பது, நான் பார்த்த வரையில், நடந்ததை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதை இறக்கிவைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இன்றைய நாளைப் பார்க்காமல் தப்பிக்கவும் சிலர் பெரிய கனவைப் பிடித்துக்கொள்வார்கள். இது எந்த வகை என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, பழக்கத்தைப் பார்த்தால் தெரியும். காலையிலும் இரவிலும் கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே பார்க்கிறாரா? கதீட்டரைத் தானே நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாரா, இல்லை அம்மா நினைவூட்ட வேண்டியிருக்கிறதா? அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ இரண்டு நிமிஷம் பின்பக்கத்துக்கு ஓய்வு தருகிறாரா? (கையை ஊன்றி ஐந்து வினாடி தூக்கிக்கொள்வது போதாது, தோளுக்கும் கெடுதல்.) தரையிலிருந்து வீல்சேருக்கு ஆள் உதவி இல்லாமல் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறாரா? இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தால் கனவு அவரை இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். எதுவும் நடக்காமல் ராத்திரி இரண்டு மணி வரை வீடியோ மட்டும் ஓடுகிறது என்றால், மனநல ஆலோசகர் ஒருவரையும் கூடவே பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்பாவிடம் பேசும்போது வசந்த் குஞ்ச் பக்கம் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே இருக்கும் இந்தியன் ஸ்பைனல் இன்ஜுரிஸ் சென்டரைத் தொடங்கிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அதே வருஷம் காஷ்மீரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து வீல்சேருக்கு வந்தார். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பியதெல்லாம் அதற்குப் பிறகுதான். டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது, ஆர்.கே. புரம் மலை மந்திரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

நான் தம்பியின் இடத்தில் இருந்தால் வேறொரு வழியையும் யோசிப்பேன். சரிவில் பாயும் ஆல்பைன் பந்தயம் தவிர, சமதளத்திலும் மேட்டிலும் கையால் கோல் ஊன்றிப் போகும் நார்டிக் பந்தயமும் பாராலிம்பிக்கில் உண்டு. அதிலும் உட்கார்ந்து ஓடும் பிரிவு இருக்கிறது. இரண்டு மெல்லிய பலகையின் மேல் ஒரு சின்ன இருக்கை, அவ்வளவுதான், ஷாக் அப்சார்பர் எல்லாம் கிடையாது. ஒரு நல்ல வெல்டர் ஃப்ரேமைச் செய்துவிடுவார். இதில் பெரிய வசதி, கோடையில் பலகைக்குப் பதில் சக்கரம் பொருத்திச் சாலையில் பயிற்சி செய்யலாம். உலக அளவில் ஓடுகிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். துவாரகாவில் வண்டி நடமாட்டம் இல்லாத உள்சாலை ஒன்றில் விடிகாலையில் இதைச் செய்ய முடியும். நவம்பர், டிசம்பர் புகைமூட்டத்தில் மட்டும் வேண்டாம். விழும் வேகமும் குறைவு, எலும்புக்கும் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் "பாய்ந்து வருவதுதான் வேண்டும், ஊர்ந்து போவது வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

எது எப்படியானாலும் இப்போதே ஒரு வீல்சேர் விளையாட்டில் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் அலானா நிக்கோல்ஸ் 2008 பீஜிங்கில் வீல்சேர் கூடைப்பந்தில் தங்கம் வாங்கிவிட்டு, 2010 வான்கூவரில் மோனோ-ஸ்கீயில் தங்கம் வாங்கினார். கூடைப்பந்து வேகமாகத் திரும்பும் பழக்கத்தையும், மோதி விழுந்து எழும் தைரியத்தையும் தரும். அதைவிட முக்கியம், நாலைந்து வருஷமாக வீல்சேரில் இருப்பவர்களின் பழக்கம் கிடைக்கும். எந்தக் குஷன் நீடிக்கும், மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறுவது, வேலைக்கான இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் எந்த பிசியோவையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

பனியை முதலில் பார்க்க வேண்டும் என்றால், அடுத்த குளிர்காலத்தில், டாக்டர் சரி என்ற பிறகு, மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்குக்கு இரண்டு மூன்று நாள் போய் வாருங்கள். பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம். சொந்த வண்டியில் சண்டிகரில் ஒரு இரவு தங்கிப் போவது தோலுக்கு நல்லது. சறுக்குவதற்காகப் போகவில்லை என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். சிட்-ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும் என்று யாராவது போனில் சொன்னால், கருவியின் படத்தையும், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்றுத்தரப் பயிற்சி எடுத்தவர் யார் என்பதையும் கேட்காமல் நம்பாதீர்கள். ரப்பர் டியூபில் உட்காரவைத்துச் சரிவில் தள்ளிவிடும் விளையாட்டுக்குக் கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள், முதுகில் ராட் இருப்பவருக்கு அது ஆகாது. போவதன் நோக்கம், அந்தக் குளிரில் அவர் உடம்பு எப்படி இருக்கிறது, கால் எவ்வளவு நேரத்தில் சில்லிடுகிறது, கதீட்டர் நேரம் தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பது. இத்தனையும் கெடுவது பெரும்பாலும் ஹோட்டல் பாத்ரூமில்தான். ரூம் போடும் முன் வீல்சேரின் மொத்த அகலத்தை, தள்ளும் வளையத்தோடு சேர்த்து, அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கதவின் குறுக்கே டேப்பைப் பிடித்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். "வீல்சேர் போகும், வாங்க" என்ற வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.